தெய்வத்திரு கிட்டுசாமி இன்னும் பதில் போடவில்லை

பெருமாநல்லூரைத் தாண்டியதும் இடதுபக்கம் வருகிற கிட்டுசாமி பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜெயசுதா, எட்டு வருடத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு பனியன்களைத் துவைத்தாள். ஒவ்வொன்றையும் ஐந்து முறை. கல்லூரி ஆய்வகத்து வாஷிங் மெஷின் திறப்பு விழாவன்று ஒரு சுற்று சுற்றியதோடு சரி. அதனால் பாதிக்கு மேல் வீட்டில்தான் துவைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவள் சலவைக்குத் துணி எடுக்கிறாள் என்று நினைத்து, இரண்டு பேர் போர்வை கொண்டுவந்து கொடுத்தார்கள்.

புதுப் பனியனை நாலு தடவை துவைத்ததும் துணி முறுக்கிக்கொண்டு, பக்கத் தையல் இடுப்பை விட்டு நழுவி வயிற்றின் மேல் வந்து நிற்கிறதல்லவா, அது ஏன் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஏன் என்று கண்டுபிடித்தாள். எப்படித் தடுப்பது என்றும் கண்டுபிடித்தாள். ஆறு மில்களிலிருந்து துணி வாங்கி, மில்லின் பெயர் வெளியே தெரியாமல் இருக்க ஏ, பி, சி என்று எழுத்துக் கொடுத்து, முறுக்கம் அதிகமானதில் தொடங்கிக் குறைந்ததில் முடியும்படி ஓர் அட்டவணை போட்டு, பதினெட்டுப் பக்கத்தில் கட்டுரையை எழுதி முடித்தாள்.

பல்கலைக்கழகத்தில் ஒரு விதி உண்டு. தன் பெயர் முதலாவதாக இருக்கும் கட்டுரை ஒன்றாவது ஆய்விதழில் வந்திருந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். எட்டு வருடத்துக்கு மேல் பதிவு செல்லாது. அவளுக்கு வரும் மார்ச் முப்பத்தொன்றாம் தேதியோடு எட்டு முடிகிறது. அதற்குள் ஆய்வேடு போகாவிட்டால் அறுநூற்றுப் பன்னிரண்டு பனியன்களும் வெறுமனே துவைத்த பனியன்களாகிவிடும்.

கட்டுரையில் இரண்டே பெயர் போட்டிருந்தாள். முதலில் தன் பெயர், அடுத்து வழிகாட்டி சகாயராஜ். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், சாதுவான மனிதர், யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். இரண்டு பெயரைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. ‘என்னம்மா, தனிக்குடித்தனம் மாதிரி எழுதியிருக்கே’ என்று சொல்லி, அதைப் பெயர் வரிசை நெறிப்படுத்தும் குழுவுக்கு அனுப்பினார்.

அப்படி ஒரு குழு இருப்பதே ஜெயசுதாவுக்கு அன்றுதான் தெரியும். ஐந்து பேர் கொண்ட குழு. கல்லூரியிலிருந்து போகிற ஒவ்வொரு கட்டுரையிலும் யார் பெயர் எந்த இடத்தில் வர வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். முடிவு செய்ய உழைப்பதால் அவர்கள் ஐவரும் கட்டுரைக்கு உழைத்தவர்கள் ஆகிறார்கள். ஆகவே அவர்கள் பெயர் முதலில் சேரும். துணி உருளைகள் கல்லூரிப் பேருந்தில் வந்து இறங்கிய காரணத்தால் போக்குவரத்துப் பொறுப்பாளர் சேர்ந்தார். அவரைச் சேர்த்துவிட்டு விடுதிக் காப்பாளரை விட்டுவிட்டால் மனத்தாங்கல் வரும் என்பதால் அவரும் சேர்ந்தார். இப்படியே ஒரு வாரத்தில் புதிதாகப் பத்துப் பேர் சேர்ந்தார்கள்.

முதல்வர் கன்னையன் தலைமையில் குழு கூடியது. அவர் எழுந்து நின்று பேசினார்.

“இந்தக் காலேஜுக்கு வந்த பதினோரு வருசத்துல எம் பேரோட இருநூத்திப் பதினாறு பேப்பர் வந்திருக்குதுங்க. அதுல ஒண்ணையாவது நான் படிச்சன்னு யாராச்சும் சொல்ல முடியுங்களா? புள்ளைங்க மேல அவ்வளவு நம்பிக்கை வெச்சிருக்கறனுங்க.”

எல்லோரும் கை தட்டினார்கள். ஜெயசுதாவும் தட்டினாள். தட்டாவிட்டால் குறிப்பேட்டில் ஏறும் என்று சகாயராஜ் சொல்லி வைத்திருந்தார்.

இறுதி ஒப்புதலுக்காகக் கட்டுரை தாளாளர் மகுடேஸ்வரனிடம் போனது. அவருக்குக் கல்லூரி ஒன்று, நிட்டிங் மில் ஒன்று, இரண்டும் காலஞ்சென்ற தகப்பனார் கிட்டுசாமியின் பெயரில். மூத்த மகளின் கல்யாணப் பத்திரிகையில் கொமரலிங்கத்து மாமன் ஒருவரின் பெயர் விட்டுப்போய், அந்த உறவு இன்றுவரை பேசுவதில்லை. அதிலிருந்து பெயர்ப் பட்டியல் என்றால் அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் பார்ப்பார். கட்டுரையில் பட்டியலை மட்டும் மூன்று தடவை படித்தார்.

“ஏனுங்க பிரின்சிபாலு, எங்கப்பா பேரு எங்கீங்க?” என்று கேட்டார்.

ஐயா இறந்து ஒன்பது வருடம் ஆகிறதே என்று முதல்வர் இழுத்தார்.

“செத்தவங்க பேரில்லாம யாராச்சும் பத்திரிக்கை அடிப்பாங்களா? தெய்வத்திருன்னு போட்டு மேல வெய்யுங்க. அப்பம் பேரு கீழ, எம் பேரு மேலன்னு இருந்தா ஊரு என்ன பேசும்? அவருக்கு அடுத்து நானு. அப்பறம் உங்க இஷ்டம்.”

ஆக, கிட்டுசாமி முதலாசிரியர் ஆனார். தாளாளர் இரண்டாவது. பதவிப்படி மற்றவர்கள். ஜெயசுதா பதினான்காவது, அதாவது கடைசி. அதை வைத்தாவது மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அதற்குள் வெளிநாட்டில் கடைசிப் பெயர்தான் மிகப் பெரியவருக்குரிய இடம் என்று முதல்வருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். மூன்றாவது இடத்திலிருந்த அவர் தியாகம் செய்து கடைசிக்குப் போனார். ஜெயசுதா பதின்மூன்றாவது ஆனாள். முதலும் இல்லை, கடைசியும் இல்லை.

தாளாளருக்கு இன்னொரு குறையும் இருந்தது. அட்டவணையில் அவருடைய மில்லுக்குக் கொடுத்திருந்த எழுத்து எஃப். மற்ற ஐந்து மில்லுக்குப் பிறகு நம்ம மில்லா என்று வருத்தப்பட்டார். எழுத்தெல்லாம் வேண்டாம், ஸ்ரீ கிட்டுசாமி நிட்டிங் மில்ஸ் என்று முழுப் பெயரையும் போடச் சொன்னார். போட்டுப் பார்த்தால் அது அட்டவணையின் முதல் வரியில் இருந்தது. தாளாளருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆறு மில்லில் அவருடைய துணிதான் அதிகமாக முறுக்கிக்கொள்கிறது என்பதைச் சொல்ல ஜெயசுதா வாயைத் திறந்தாள். பெரியவர்கள் சந்தோஷமாக இருக்கும்போது குறுக்கே பேசக்கூடாது என்று சகாயராஜ் அவளை வெளியே அழைத்துப் போனார்.

கட்டுரையை இணையத்தில் அனுப்பும்போது ஒவ்வோர் ஆசிரியருக்கும் தனி மின்னஞ்சல் முகவரி கேட்டது. கிட்டுசாமி ஐயாவுக்கு முகவரி இல்லை. ‘நீயே ஒண்ணு தொடங்கிரும்மா’ என்றார் சகாயராஜ். ஜெயசுதா தொடங்கினாள். கடவுச்சொல்லாகப் பனியன்களின் எண்ணிக்கையை வைத்தாள்.

நவம்பரில் கட்டுரை வெளிவந்தது. கல்லூரி வாசலில் இருபதடி ஃபிளக்ஸ் வைத்தார்கள். பக்கத் தையல் முறுக்கத்தில் ஆறு மில்களுள் முதலிடம் என்று கொட்டை எழுத்தில் எழுதி, கிட்டுசாமி ஐயா மேகத்துக்குள்ளிருந்து ஆசீர்வாதம் செய்கிற மாதிரிப் படமும் போட்டிருந்தார்கள். பதினான்கு ஆசிரியர்களில் கட்டுரையைப் படித்தவர் ஒருவர்தான். அவர் படம் ஃபிளக்ஸில் இல்லை.

வீட்டுக்குப் போய் ஜெயசுதா அழுதாள். கணவன் முருகேஷ் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர், ஷிஃப்ட் முடிந்து வந்தவன், பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஆறுதல் சொல்ல வராது. முதுகைத் தடவிவிட்டு, சட்னி அரைக்கப் போனான்.

ஜனவரியில் அந்தக் கட்டுரைக்கு ஒரு வாசகர் கிடைத்தார். தாளாளரின் மில் துணியில் பனியன் வாங்குகிற ஜெர்மன் கம்பெனியின் தர அலுவலர். அட்டவணையைப் பார்த்தார், முதல் வரியைப் பார்த்தார், நாற்பதாயிரம் பீஸ் ஆர்டரை நிறுத்தி வைத்தார்.

ஃபிளக்ஸை அன்று மதியமே கழற்றினார்கள். குழு அவசரமாகக் கூடியது. தாளாளர் நேரில் வந்தார். முதல்வர் எழுந்து, தான் வாழ்க்கையில் எந்தக் கட்டுரையையும் படிக்காதவன் என்பதை எல்லோரும் அறிவார்கள் என்று ஆரம்பித்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து, ஒரு பனியனைக்கூடத் தொட்டதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தைக் கொடுத்தார்கள். போக்குவரத்துப் பொறுப்பாளர் ஒருபடி மேலே போய், அன்றைக்குப் பேருந்தே ஓடவில்லை என்று எழுதியிருந்தார்.

சகாயராஜ் கடைசியாக எழுந்தார். “நான் என்ன சொல்லுதேன்னா, நான் வழிகாட்டி மட்டும்தான் சார். நடந்தது பூரா அந்தப் பொண்ணுதான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, ஜெயசுதா இருக்கிற பக்கம் பார்க்காமல் தண்ணீர் குடித்தார்.

எல்லோருடைய பெயரையும் எடுத்துவிடலாமா என்று ஆய்விதழுக்கு எழுதிக் கேட்டார்கள். பெயரை எடுப்பதென்றால் விசாரணை நடக்கும், வரிசையை மாற்றுவதென்றால் எல்லா ஆசிரியர்களின் சம்மதமும் மின்னஞ்சலில் வந்தால் போதும் என்று பதில் வந்தது. கீழே போனாலே போதும் என்று எல்லோருக்கும் நிம்மதி. பதின்மூன்றிலிருந்து ஒன்றுக்கு வர ஜெயசுதாவுக்கு எட்டு வருடம் போதவில்லை. குழுவுக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. கிட்டுசாமி ஐயாவைக் கடைசி இடத்தில் உட்கார வைத்தார்கள். வெளிநாட்டு முறைப்படி அது மரியாதைக் குறைவு ஆகாது.

பன்னிரண்டு பேர் அங்கேயே கைபேசியை எடுத்துச் சம்மதம் கொடுத்தார்கள். ஐயாவின் சம்மதம் பாக்கி. ‘அதைப் போட்டிரும்மா’ என்று முதல்வர் ஜெயசுதாவுக்கு உத்தரவிட்டார். அவள் போட்டாள், பிறகு தன்னுடையதையும். ‘தெய்வத்திரு ஐயா அவர்கள் தம் முதலிடத்தை ஆராய்ச்சி மாணவிக்கு விட்டுக்கொடுத்து முழு மனதுடன் மின்னஞ்சல் அனுப்பினார்கள்’ என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். தாளாளர் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

“எங்கப்பா அப்புடித்தானுங்க. ஆருக்குன்னாலும் உட்டுக்குடுத்துருவாரு.”

முதலிடம் வந்துவிட்டது, ஆய்வேட்டை அனுப்பிவிடலாம் என்று அவள் சகாயராஜிடம் போய் நின்றாள். பல்கலைக்கழகத் தளத்தில் வழிகாட்டி ஒரு பொத்தானை அழுத்தினால்தான் ஆய்வேடு போகும். இந்தக் கெட்ட பெயர் அடங்கட்டும், மார்ச் இருக்கிறதே என்றார் அவர். அவள் வீட்டில் வந்து சொன்னபோது முருகேஷுக்கு ஆச்சரியமே இல்லை.

“எங்க லைன்லயும் அப்புடித்தான் சுதா. நல்லாப் போற பீஸுல கம்பெனி லேபிளு மட்டுந்தான் இருக்கும். ஆல்ட்ரேசன்னு பீஸு திரும்பி வந்தாத்தான் டைலர் நம்பரத் தேடுவாங்க. இப்பத்தான் உன்ற நம்பரத் தேடிக் கண்டுபுடிச்சிருக்கறாங்க” என்றான்.

பிப்ரவரியில் ஜெர்மன்காரர் கட்டுரையிலிருந்த எண்ணுக்கு அழைத்தார். முதலாசிரியர் ஆனதால் இப்போது அது அவள் எண். திட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள். அவர் கேட்டது ஒரே கேள்வி. துணியை நீராவியில் காட்டி அளவு இறுக்குவதற்கு முன்னால் எத்தனை மணி நேரம் விரித்துப் போட்டால் முறுக்கம் அடங்கும்? முப்பத்தாறு மணி நேரம் என்றாள். ஏன் இருபத்து நாலு போதாது என்று கேட்டார். அவள் சொன்னாள். சொல்லிக்கொண்டே போனாள். எட்டு வருடத்தில் அந்த ஆராய்ச்சியைப் பற்றி ஒருவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. பேசி முடித்துக் கைபேசியை வைத்தபோது அவளுக்குச் சந்தோஷத்தில் பசி எடுத்தது.

மில்லில் துணியை முப்பத்தாறு மணி நேரம் விரித்துப் போட்டார்கள். முறுக்கம் அடங்கியது. நாற்பதாயிரம் ஆர்டர் ஒரு லட்சம் ஆனது. இந்த ஆராய்ச்சியின் முதலாசிரியரை ஜெர்மனிக்கு அழைத்துக் கௌரவிக்க விரும்புகிறோம் என்று கம்பெனி எழுதியது.

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி தாளாளர் முன்னிலையில் குழு மறுபடி கூடியது. முதலாசிரியர் என்ற சுமையை ஒரு சின்னப் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டோமே என்று முதல்வர் வருத்தம் தெரிவித்தார். பழைய வரிசையே தீர்மானமானது. முன்பு பனியனைத் தொடாத எல்லோரும் இப்போது தொட்டிருந்தார்கள். பேருந்தும் அன்றைக்கு ஓடியிருந்தது. பன்னிரண்டு சம்மதங்கள் வந்தன. நீ மறுத்தால் உன் ஆய்வேட்டைப் பார்த்துக்கொள்கிறோம் என்று முதல்வர் சொன்னதால் ஜெயசுதாவும் தன் சம்மதத்தைக் கொடுத்தாள். பதின்மூன்றாவது ஆகிவிட்டால் ஆய்வேடு எப்படியும் செல்லாது.

ஐயாவினுடையதையும் போட்டுவிடு என்றார் முதல்வர். அவள் ஐயாவின் அஞ்சல் பெட்டியைத் திறந்தாள். சம்மதம் என்ற பொத்தான் நீல நிறத்தில் இருந்தது. விரலைக் கொண்டுபோனாள். விரல் அங்கேயே நின்றது.

“ஐயா இன்னும் பதில் போடலீங்க” என்றாள்.

செத்தவர் எப்படியம்மா பதில் போடுவார் என்று முதல்வர் பல்லைக் கடித்தார்.

“போன தடவ போட்டாருங்களே சார். மினிட்ஸ்ல ஏறியிருக்குதுங்க. தாளாளர் கையெழுத்தும் இருக்குதுங்க.”

முதல்வர் குறிப்பேட்டைப் பார்த்தார். சகாயராஜ் தரையைப் பார்த்தார். கடவுச்சொல்லைப் பிடுங்கலாம். ஆனால் பிடுங்கினால், போன தடவை ஐயா பதில் போடவில்லை என்று தாளாளரின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

தாளாளர் நாற்காலியில் முன்னே நகர்ந்து உட்கார்ந்தார். தகப்பனார் கோபித்துக்கொண்டால் மூன்று நாள் பேசமாட்டார் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அப்பாவுக்கு ஏதாச்சும் மனக்கொறையா அம்மிணி?”

ஜெயசுதா திரையிலிருந்து தலையைத் தூக்கினாள். “அந்தப் புள்ளையோட தீசிஸ் போயிருச்சான்னு கேப்பாருன்னு நெனைக்கறனுங்க” என்றாள்.

தாளாளர் திரும்பிச் சகாயராஜைப் பார்த்தார். சகாயராஜ் அந்த நிமிடமே பொத்தானை அழுத்தினார். எட்டு வருடத்தில் அவர் அவளுக்காகச் செய்த ஒரே வேலை, அதை நன்றாகவே செய்தார்.

ஆய்வேடு போனது. இதழில் அவள் பெயர்தான் முதலில் இருந்தது. அடுத்த வருடம் அவள் முனைவர் ஜெயசுதா ஆனாள். ஐயா மட்டும் பதில் போடவில்லை. அழைப்பு முதலாசிரியருக்குத்தான் என்று ஜெர்மன் கம்பெனி சொன்னது. அந்த வரிசை தகராறில் இருப்பதால் அவளை அனுப்ப முடியாது என்று குழு சொன்னது. ஒருவரும் ஜெர்மனிக்குப் போகவில்லை.

இத்தோடு கதை முடிந்தால் நன்றாக இருக்கும். கல்லூரிகள் அப்படி விடுவதில்லை. ஐயா என்றைக்காவது மனம் மாறிப் பதில் போட்டால் அதை உடனே பார்க்க ஆள் வேண்டுமல்லவா? அவளுக்கு வேலை நியமன ஆணை வந்தது. உதவிப் பேராசிரியர் வேலை என்று நம்பி அசல் சான்றிதழ்களை எல்லாம், புது முனைவர் பட்டம் உட்பட, கொண்டுபோய் அலுவலகத்தில் ஒப்படைத்தாள். வேலைக்குச் சேருகிறவர்களின் அசல்களைக் கல்லூரி வாங்கிப் பூட்டிவைப்பது வழக்கம். பிறகுதான் ஆணையின் இரண்டாவது பக்கத்தைப் படித்தாள். பதவியின் பெயர் நிறுவனர் தொடர்பு அலுவலர். மேலதிகாரி: தெய்வத்திரு கிட்டுசாமி.

மாலை போட்ட ஐயாவின் படத்துக்குக் கீழே ஒரு மேசை, ஒரு கணினி. தினம் காலை பத்து மணிக்கு முதல்வர் வந்து, ஐயா பதில் போட்டாரா என்று கேட்பார். இன்னும் இல்லீங்க என்று சொல்ல வேண்டும். பதிவேட்டில் எழுத வேண்டும். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை வேறு வேலை கிடையாது. ஆய்வகத்துக்குப் போக அனுமதி இல்லை, ஐயா அந்த நேரத்தில் பதில் போட்டுவிட்டால் என்ன செய்வது? அவள் ஒரு பனியனைத் தொட்டு ஏழு மாதம் ஆயிற்று.

போன வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் ராஜினாமா எழுதினாள். எழுத்தர் இந்துமதி அதைப் படித்துப் பார்த்துவிட்டு இரக்கத்தோடு திருப்பித் தந்தாள். ராஜினாமா மேலதிகாரியின் வழியாகத்தான் வர வேண்டும். அவர் ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வந்தால் அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிடலாம். பொறுப்பை ஒப்படைக்கும்போது கடவுச்சொல்லையும் ஒப்படைக்க வேண்டும்.

ஜெயசுதா தன் மேசைக்கு வந்து கிட்டுசாமி ஐயாவுக்கு ராஜினாமாவை அனுப்பினாள். பிறகு ஐயாவின் பெட்டியைத் திறந்து அது வந்து சேர்ந்திருப்பதைப் பார்த்தாள். ஏற்றுக்கொள்கிறேன் என்று அவளே ஒரு வரி எழுதினால் போதும், அடுத்த பேருந்தில் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் ஐயா பதில் போட ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்தால் முதலில் எந்தப் பதிலைக் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் போன பிறகு கடவுச்சொல் யார் கைக்குப் போனாலும் அதே சம்மதம்தான் முதலில் போகும். அவள் பதின்மூன்றாவது ஆவாள். பல்கலைக்கழகம் பட்டத்தைத் திருப்பிக் கேட்கும். அவள் பெட்டியை மூடினாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு முதல்வர் வந்து, வாசலில் நின்றபடியே கேட்டார்.

“என்னம்மா, ஐயா பதில் போட்டாருங்களா?”

“இன்னும் இல்லீங்க” என்றாள் ஜெயசுதா. முதல் தடவையாக அன்றைக்கு அவளும் ஐயாவிடமிருந்து ஒரு பதிலுக்காகக் காத்திருந்தாள்.